ஸ்வால்பார்ட் சிறு கப்பல் பயணம்: எந்த மாதம், எந்த பைனாகுலர், முட்டிவலிக்காரர் ரப்பர் படகில் இறங்க முடியுமா?

ஈயக்குட்டை_கொக்கு | பத்தாங் பெர்ஜுந்தை, மலேசியா

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த வருசம் நானும் மாமாவும் நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குச் சிறு கப்பலில் போகப் பார்க்கிறோம். கப்பல் லாங்யர்பியன் ஊரிலிருந்து கிளம்பும். கையில் இரண்டு திட்டம் இருக்கிறது.

ஒன்று ஜூன் முதல் வாரம். 12 பேர் மட்டும் ஏறும் கப்பல், ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் மேற்குக் கரையும் வடமேற்கு மூலையும், 8 நாள். இன்னொன்று ஜூலை கடைசி வாரம். 100 பேர் வரை ஏறலாம், பனி வழிவிட்டால் தீவை முழுதாகச் சுற்றும், 10 நாள். விலை இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பனிக்கரடி, வால்ரஸ், பறவைப் பாறைகள் மூன்றும் பார்க்க ஆசை. மாமாவுக்கு வயது 66, வலது முட்டி தேய்மானம், இனிப்பு நீருக்கு இன்சுலின் போடுகிறார், சைவம். கேமராவை விட பைனாகுலரில்தான் அவருக்கு இஷ்டம். எது வாங்குவது? கப்பலிலிருந்து ரப்பர் படகில் ஏறி இறங்க அவரால் முடியுமா? டௌனில் சாமான் கடையில் விற்கும் ரப்பர் பூட் போதுமா? நுணுக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ஜெராம்_உள்ளான்

தங்கச்சி, மாமாவின் முட்டியை வைத்தே மாதத்தை முடிவு செய்யலாம், கரடியை வைத்து வேண்டாம்.

ஜூன் முதல் வாரத்தில் கரையெல்லாம் இன்னும் பனி மூடிக் கிடக்கும். மேலே கெட்டியாகத் தெரியும், கால் வைத்தால் தொடை வரைக்கும் உள்ளே போகும். தேய்ந்த முட்டிக்கு இதைவிடக் கெட்ட தரை கிடையாது. ஜூலை கடைசியில் கடற்கரை ஓரமெல்லாம் பனி கரைந்து சரளைக்கல்லும் பாசியும் சின்னப் பூச்செடியுமாக இருக்கும். கல் உருளும்தான், ஆனால் கோல் ஊன்றி நடக்கலாம்.

இனி பிராணிகள். ஜூனில் ஃபியோர்டுகளின் (மலைகளுக்கு நடுவே உள்நுழையும் நீண்ட கடற்கால்) உள்முனையில் கரையோடு ஒட்டிய கடற்பனி மிச்சம் இருக்கும். மோதிர சீல் அதன் மேல் படுத்திருக்கும், கரடி அதைத் தேடி வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பனியை உடைத்துக்கொண்டு கப்பல் உள்ளே போகச் சட்டம் விடாது, விளிம்பில் நின்றுதான் பார்க்க வேண்டும். அதோடு 2025 ஜனவரி 1 முதல் கரடிக்குக் குறைந்தபட்ச தூரம் வைத்துவிட்டார்கள். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர், மற்ற மாதங்களில் 300 மீட்டர். கரடி தானாக நெருங்கி வந்தாலும் நீங்கள்தான் பின்வாங்க வேண்டும். ஜூன் பயணத்துக்கும் ஜூலை பயணத்துக்கும் 200 மீட்டர் வித்தியாசம் இங்கேயே வந்துவிடுகிறது.

ஜூலை கடைசியில் ஃபியோர்டு பனி பெரும்பாலும் போய்விடும். கரடிகளில் ஒரு பகுதி வடக்கே மிதக்கும் பனியோடு போகும், மிச்சம் கரையில் தங்கி முட்டை, செத்த திமிங்கலம் என்று கிடைத்ததைத் தின்னும். தீவைச் சுற்றும் கப்பலுக்கு ஹின்லோப்பன் நீரிணையும் கிழக்குப் பக்கமும் கிடைப்பதால் வாய்ப்பு குறையாது. ‘கரடி கட்டாயம்’ என்று விளம்பரம் போடுகிறவனிடம் பணம் கட்டாதீர்கள். அந்த உத்தரவாதம் யாராலும் தர முடியாது.

பறவைப் பாறைக்கு ஜூலை கடைசியை மிஞ்ச முடியாது. ஆகஸ்ட் பாதிக்கு மேல் போனால் பாறை காலியாகி எச்சக் கறை மட்டும் இருக்கும்.

கப்பல் அளவு பற்றி. 12 பேர் கப்பலில் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்கலாம், வரிசை இல்லை, ஒரு கரடியை மூன்று மணி நேரம் பார்க்கணும் என்றால் கேப்டன் நிற்பார். ஆனால் அலையில் அதிகம் ஆடும், மருத்துவர் இருக்க மாட்டார். 12 பேருக்கு மேல் ஏற்றினால்தான் கடல் சட்டப்படி அது ‘பயணிகள் கப்பல்’. அதனால்தான் அந்த 12 என்ற கணக்கு. 100 பேர் கப்பலில் பக்கவாட்டு ஏணி அகலம், கைப்பிடி உண்டு, மருத்துவர் இருப்பார். இன்சுலின்காரருக்கு நான் இதைத்தான் சொல்வேன். பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் 200 பயணிகளுக்கு மேல் உள்ள கப்பல் இப்போது போகவே முடியாது, கரையிறங்கவும் 43 இடங்கள்தான். ஆகவே உங்கள் இரண்டு கப்பலும் ஒரே இடங்களுக்குத்தான் போட்டி போடும்.

முன்பணம் கட்டுமுன் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை ரப்பர் படகு, எல்லாப் பயணிகளும் ஒரே சமயம் படகில் போக முடியுமா, வழிகாட்டிகள் எத்தனை பேர், மருத்துவர் உண்டா, மேல்தளத்தில் சுற்றிவர நடக்க இடம் உண்டா, கேப்டன் அறைக்குள் பயணிகளை விடுவார்களா. கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். காற்று படாமல் உயரத்தில் நின்று முன்னால் பார்க்க அதைவிட நல்ல இடம் கப்பலில் இல்லை.

---

தோம்புக்காரர்

பைனாகுலர் பற்றி நான் சொல்கிறேன்.

8 மடங்கு வாங்குங்கள். 300 மீட்டரில் நிற்கும் கரடி 8 மடங்கில் 38 மீட்டரில் நிற்பது போல் தெரியும், 10 மடங்கில் 30 மீட்டர். அந்த 8 மீட்டருக்காக 10 மடங்கு ஆட்டத்தைச் சுமக்க வேண்டாம். கப்பல் தளம் நிற்பதே இல்லை. எஞ்சின் அதிர்வு, அலை, குளிரில் கை நடுக்கம் மூன்றும் கண்ணாடிக்குள் பெருக்கிக் காட்டும். 8 மடங்கில் பார்வைப் பரப்பும் அகலம், பறக்கும் பறவையைச் சட்டென்று பிடிக்கலாம்.

அடுத்த எண், முன்கண்ணாடியின் அகலம். எல்லாரும் 42 என்பார்கள். நம்மூர் காட்டுக்குள் விடியற்காலையில் பார்க்க அது சரி. ஆனால் லாங்யர்பியனில் ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 22 வாக்கு வரை சூரியன் மறைவதே இல்லை. வெளிச்சப் பஞ்சம் கிடையாது. 32-ஐ 8-ஆல் வகுத்தால் 4. கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 4 மில்லிமீட்டர், பகலில் நம் கண்மணி 2, 3 மில்லிமீட்டர்தான் திறக்கிறது. ஆக 8×32 தாராளம். எடை குறைவு, ஜாக்கெட்டுக்குள் நுழையும். மாமா மூக்குக்கண்ணாடி போடுகிறவரானால் ‘ஐ ரிலீஃப்’ (பைனாகுலரின் கண்பக்கக் கண்ணாடிக்கும் கண்ணுக்கும் இடையே விடக்கூடிய தூரம்) 15 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறதா பாருங்கள், கண்கிண்ணத்தை உள்ளே திருகிவிட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே நைட்ரஜன் அடைத்த, நீர்புகாத வகையாகவே இருக்கட்டும்.

வாங்கியதும் பழகணும். கப்பலில் போய் பெட்டியைப் பிரிக்கக் கூடாது. உங்களுக்குக் கோல சிலாங்கூர் பக்கம்தானே. ஜெராம் கடற்கரையில் தண்ணீர் வற்றும்போது சேற்றில் உள்ளான்கள் மேயும். அங்கே நின்று, கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வந்து அதே பறவையைப் பிடிக்கப் பழகட்டும். பிறகு ஆற்றுமுகத்தில் படகில் உட்கார்ந்து அதையே செய்யட்டும். முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்கணும். கப்பல் கம்பியில் முழங்கையை ஊன்றக் கூடாது, எஞ்சின் அதிர்வு நேரே கண்ணாடிக்கு ஏறும். கேமராவுக்கும் இதேதான்.

கரடி தேடுவது எப்படி? வெள்ளையைத் தேடாதீர்கள். அங்கே வெள்ளையும் நீலமும் எங்கும் கிடக்கும். கரடி மஞ்சள். பால் உறைய வைத்து உருட்டி, புகை போடாமல் கம்பியில் காயப்போட்ட ரப்பர் ஷீட் ஒரு நாள் கழித்து என்ன நிறம் இருக்கும்? அதுதான். தோட்டத்தில் வளர்ந்தவருக்கு இந்த நிறத்தை விளக்க வேண்டியதில்லை. மாமாவிடம் ‘ஷீட் நிறம்’ என்று மட்டும் சொல்லுங்கள், கப்பலில் முதலில் கண்டுபிடிப்பவர் அவராகத்தான் இருப்பார்.

முதலில் வெறுங்கண். பிறகு பைனாகுலரைக் கரையின் ஒரு முனையில் வைத்து நிறுத்திப் பார்த்து, பாதிப் பரப்பு நகர்த்தி, மறுபடி நிறுத்திப் பார்க்கணும். ஓடவிட்டுக்கொண்டே பார்த்தால் மூளை எதையும் வாங்காது. சந்தேகமானதைக் குறித்து வைத்து 5 நிமிடம் கழித்துத் திரும்பி வாருங்கள். பத்தில் ஒன்பது கல்லாக, பனித்திட்டாக, துருவமானின் பின்புறமாக இருக்கும். இடம் மாறியிருந்தால் உயிர். தலை உங்கள் பக்கம் திரும்பினால் மூக்கும் கண்ணும் மூன்று கறுப்புப் புள்ளியாகத் தெரியும். இன்னொரு தடயம்: முழு வெள்ளை உடம்பும் கறுப்புக் காலும் உள்ள ஐவரி கடற்காகங்கள் பனியில் ஒரே இடத்தில் கூடினால் அங்கே இரை கிடக்கிறது, பக்கத்தில் சொந்தக்காரன் இருக்கலாம்.

கண்டதும் ‘அங்கே, அந்த வெள்ளைக்குப் பக்கத்தில்’ என்று கத்தினால் ஒருவருக்கும் உதவாது. கப்பலின் மூக்கு 12 மணி. ‘2 மணி, கரையில், பெரிய கறுப்புப் பாறைக்கு இடப்பக்கம்’ என்று சொல்லப் பழகுங்கள்.

---

மின்மினி_ஆறு

தோம்புக்காரர் அண்ணே, 10 மடங்கை அப்படி ஒதுக்கிவிடாதீர்கள். படகிலும் ஓடும் கப்பலிலும் 8 சரி. ஆனால் கரடி கிடைத்தால் கேப்டன் எஞ்சினைத் தணித்து நிற்பார், ஃபியோர்டுக்குள் தண்ணீர் பல நேரம் தட்டாகக் கிடக்கும். அப்போது 500 மீட்டரில் தாயும் குட்டியும் என்ன செய்கிறது என்று பார்க்க 10 மடங்கு வேண்டும். இரண்டு பேர் போகிறார்கள், ஒருவருக்கு 8×32, இன்னொருவருக்கு 10×42, மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஒன்றை இருவர் பகிர்வதுதான் தப்பு. கண் இடைவெளியும் ஃபோகஸும் ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டி வரும், அதற்குள் திமிங்கலம் போய்விடும்.

கேமராவுக்கு மட்டும் சில வார்த்தை. ஷட்டர் 1/1000-க்குக் கீழே போகாதீர்கள், பறவைக்கு 1/2000. பனி நிறைந்த காட்சியில் கேமரா ஏமாந்து எல்லாவற்றையும் சாம்பலாக்கும், வெளிச்ச அளவை +0.7 அல்லது +1 ஏற்றுங்கள். சூடான அறையின் கதவை, ஜன்னலைத் திறந்து அங்கிருந்தே எடுத்தால் வெப்பக் காற்று நெளிந்து படம் உருகினாற்போல் வரும். லென்ஸில் தப்பே இருக்காது, வெளியே வந்து எடுக்கணும். திரும்ப உள்ளே போகும்போது குளிர்ந்த கேமராவை ஜிப் பையில் போட்டு மூடி, அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்கணும். நம்மூரில் ஏர்கோன் அறையிலிருந்து வெளியே வந்தால் கண்ணாடி வேர்க்குமே, அதே சங்கதிதான் திசை மாறி நடக்கிறது. உப்புத் தண்ணீர் தெறித்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்புத் துகள் கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி எடுங்கள்.

---

மருந்துக்கடை_அக்கா

மாமா விசயம்.

இன்சுலின் உறைந்தால் வீண். உருகிய பிறகு தெளிவாகத் தெரிந்தாலும் போடக் கூடாது. விமானத்தில் கைப்பையில்தான் இருக்கணும், சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் வைக்கவே வேண்டாம். படகில் போகும்போது பேனாவை வெளி ஜாக்கெட்டில் வைக்காமல் உடம்பை ஒட்டிய உள்சட்டைப் பையில் வைக்கட்டும். சர்க்கரை சோதிக்கும் கருவியும் அப்படியே, குளிரில் பிழை காட்டி நின்றுவிடும். விரல் விறைத்திருந்தால் ரத்தமும் வராது, கையைச் சூடாக்கிக்கொண்டு குத்தணும். குளிரில் நடப்பது அதிகச் சக்தி எரிக்கும், தாழ்சர்க்கரையின் நடுக்கத்தைக் குளிர் நடுக்கம் என்று எண்ணிவிடுவார்கள். இனிப்பு மிட்டாய் கையுறையோடு பிரிக்கக்கூடிய உறையில் இருக்கட்டும். அளவை மாற்றுவது பற்றி மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள், நேர வித்தியாசமும் சேர்த்து. கோடையில் நார்வே நமக்கு 6 மணி நேரம் பின்னால்.

கடல் மயக்கத்துக்கு சின்னரிசின் மாத்திரை நம்மூர் மருந்தகத்தில் கிடைக்கும். வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை, அலைக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே உள்ளே போயிருக்கணும். தூக்கம் வரும், அதனால் ஊரில் ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று மருந்தாளரிடம் பட்டியலைக் காட்டுங்கள். அறை எடுக்கும்போது கப்பலின் நடுவில், கீழ்த்தளமாகக் கேளுங்கள். மேல்தள அறைக்கு விலை அதிகம், ஆட்டமும் அதிகம்.

உடை. ஜூலையில் லாங்யர்பியன் சராசரி 7 டிகிரி வாக்கில்தான். அது பெரிய குளிர் இல்லை. ஆனால் படகு ஓடும்போது அடிக்கும் காற்றில் உறைநிலைக்குக் கீழே இருப்பது போலத்தான் உடம்புக்குத் தெரியும். நம்மவர்கள் செய்யும் தப்பு குறைவாகப் போடுவதில்லை, கப்பலுக்குள்ளேயே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு நிற்பது. உள்ளே 20 டிகிரிக்கு மேல். வேர்த்துப் போன உள்சட்டையோடு படகில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் உடம்பு சில்லிடும். உள்ளே மெல்லிய கம்பளிச் சட்டை, மேலே ஃபிளீஸ், அதற்கு மேல் காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். படகேறக் கூப்பிட்ட பிறகு மேல் இரண்டையும் போட்டால் போதும். பருத்தி வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். கைக்கு மெல்லிய உள்ளுறை ஒன்று, அதன் மேல் விரல் பிரியாத தடித்த உறை. பெரியதைக் கழற்றினாலும் பைனாகுலரைத் திருப்பும்போது தோல் வெளியே தெரியாது.

சைவம் என்பதை முன்பதிவிலேயே எழுதுங்கள். முட்டை சாப்பிடுவாரா, மீன் சாறு சேருமா என்று தனித்தனியாக. அங்கே ‘மீன் சைவம்தானே’ என்று கேட்பவர்கள் உண்டு. ஊறுகாய், எண்ணெய் முறுக்கு எடுத்துப் போங்கள். நெய்யும் பால்கோவாவும் வேண்டாம், ஐரோப்பியப் பகுதிக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருளை நார்வேக்குள் கொண்டுபோகத் தடை.

காப்புறுதியில் கடல், ஹெலிகாப்டர் மீட்பும் மருத்துவ இடமாற்றமும் சேர்ந்திருக்கணும். இனிப்பு நீரை மறைக்காமல் அறிவித்துவிடுங்கள், மறைத்தால் பணம் வராது. லாங்யர்பியன் மருத்துவமனை சின்னது, பெரிய சிகிச்சைக்கு டிரோம்சோவுக்கு விமானத்தில் அனுப்புவார்கள்.

---

ஈயக்குட்டை_கொக்கு

அக்கா, அண்ணன்மார் எல்லாருக்கும் நன்றி. ஜூலை கப்பலையே எடுக்கிறோம். ரப்பர் படகு, பூட் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே? வால்ரஸை எவ்வளவு கிட்டே விடுவார்கள்? நடுராத்திரியில் எழுப்புவார்கள் என்கிறார்களே, உண்மையா?

---

தோம்புக்காரர்

உண்மை. ராத்திரி 2 மணிக்கும் வெயில் அடிக்கும், கரடிக்கு நேரம் காலம் கிடையாது. படுக்குமுன் உடுப்பைப் போடும் வரிசையில் கொக்கியில் மாட்டி வையுங்கள். அறிவிப்பு வந்தபின் தேடினால் மேலே போகும்போது எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். கண்மறைப்புத் துணியும் எடுத்துப் போங்கள், வெளிச்சத்தில் தூக்கம் வராது.

பூட்: நம் கடையில் செம்பனை வெட்டுகிறவர்கள் வாங்கும் கறுப்பு பூட் நீர் புகாது, உயரமும் சரி. ஆனால் அது பிவிசி. குளிரில் கட்டைபோல் இறுகி, ஈரக் கல்லில் வழுக்கும். பெரும்பாலான கப்பல்கள் முழங்கால் உயர ரப்பர் பூட் கடன் கொடுக்கும், அளவை முன்கூட்டியே கேட்பார்கள். இரண்டு காலுறைக்கு இடம் விட்டு ஒரு அளவு கூட்டிச் சொல்லுங்கள். நீர்புகாத சிலுவாரை (காற்சட்டையை) பூட்டுக்கு வெளியே விடணும். உள்ளே செருகினால் அலைத் தண்ணீர் சிலுவாரில் வழிந்து நேரே பூட்டுக்குள் இறங்கும், அன்றைய நாள் அதோடு முடிந்தது.

படகேறுதல்: பக்கவாட்டு ஏணியின் கடைசிப் படியில் நிற்கும்போது கை இரண்டும் காலியாக இருக்கணும். பை முதுகில், கேமரா பைக்குள். மாலுமி கையை நீட்டுவார். விரலைப் பிடிக்கக் கூடாது, அவர் முன்கையை நீங்களும் உங்கள் முன்கையை அவரும் பிடிக்கணும். கை ஈரமாக இருந்தாலும் நழுவாது. படகு அலையில் மேலே வரும், ‘இப்போது’ என்பார், அப்போதுதான் அடி. படகின் காற்றுக்குழாய் மேல் ஒரு கால், உள்ளே மேடைப் படி இருந்தால் அடுத்த கால், உடனே உட்கார்ந்து நகரணும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழலாம். விழுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கையில் கேமராவோடு விழுகிறவர்கள்தான்.

கரையில் படித்துறை கிடையாது. படகு மூக்கைக் கல்லில் முட்டி நிற்கும். குழாய் மேல் உட்கார்ந்தபடியே முன்னால் நகர்ந்து, காலைக் கடல் பக்கம் சுழற்றி வெளியே போட்டு, வழிகாட்டி சொன்னதும் முழங்கால் தண்ணீரில் இறங்கணும். குதிக்கவே கூடாது. மாமாவுக்கு முட்டி மடியும் அளவு முக்கியம், பலம் அப்புறம். வீட்டில் முழங்கால் உயர ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்கிப் பக்கவாட்டில் சுழற்றி இறங்கிப் பழகட்டும், தினம் 10 தடவை. முதல் நாளே பயணத் தலைவரிடம் முட்டியைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். அலை உள்ள நாளில் கரையிறங்காமல் படகிலேயே சுற்றும் குழுவில் சேர்த்துக்கொள்வார்கள். நான் பார்த்தவரை அதில் பிராணி குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது.

---

ஜெராம்_உள்ளான்

வால்ரஸுக்கு வருகிறேன். 1952-ல் வேட்டை நிறுத்திய பிறகுதான் ஸ்வால்பார்டில் கூட்டம் மெல்லத் திரும்பியது, பனிக்கரடிக்கு 1973. கரையில் படுத்திருக்கும் வால்ரஸ் கூட்டத்துக்குக் கண் சுமார், மூக்கு பலம். வழிகாட்டி காற்றுக்கு எதிர்ப்பக்கமாகக் கூட்டிப்போவார். எல்லாரும் ஒரே வரிசையாக, மெல்ல, அவருக்குப் பின்னால். பத்து அடி நடந்து நிற்பது, பார்ப்பது, மறுபடி நடப்பது. ஒன்று தலை தூக்கினால் அங்கேயே நிற்கணும், இரண்டு மூன்று தூக்கினால் பின்வாங்கணும். அவற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒருபோதும் போகக் கூடாது. ஒன்று பயந்து தண்ணீருக்கு ஓடினால் மொத்தக் கூட்டமும் உருளும், குட்டி நசுங்கும். கூட்டத்தின் வாடை முன்னமே உங்களுக்கு வந்துவிடும், காற்று சரியான திசையில் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. தண்ணீரில் இருப்பவை வேறு மாதிரி, வேடிக்கை பார்க்கத் தாமாகப் படகை நெருங்கும். தந்தம் பட்டால் குழாய் கிழியும், ஓட்டுநர் மெல்ல விலகுவார். குழாய்க்குள் தனித்தனிக் காற்றறைகள், ஒன்று போனாலும் படகு மிதக்கும்.

கரையிறங்கும் இடத்தில் துப்பாக்கியோடு வழிகாட்டிகள் முதலில் போய்ச் சுற்றிப் பார்த்து, பிறகுதான் உங்களை விடுவார்கள். ‘படகுக்கு’ என்று சொன்னால் கேள்வி கேட்காமல் திரும்பணும்.

சரளைக் கரையில் ஆர்க்டிக் ஆலா உங்கள் தலைமேல் கத்திப் பாய்ந்தால் நீங்கள் அதன் கூட்டுக்குள் நிற்கிறீர்கள். உடம்பின் மிக உயரமான இடத்தைத்தான் கொத்தும். நடைக்கோலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, வந்த வழியே திரும்புங்கள். முட்டை கல் நிறத்தில் இருக்கும், பக்கத்தில் பாதை தேடினால் மிதித்துவிடுவீர்கள்.

இப்போது நீங்கள் கேட்காதது. கரடி, கரடி என்று எல்லாரும் முன்தளத்தில் நிற்கும்போது, இரண்டு இடத்தை மட்டும் தவறவிடாதீர்கள்.

ஒன்று, ஹின்லோப்பனில் அல்கெஃபியெல்லெட். கடலிலிருந்து நூறு மீட்டருக்கு எழும் கருங்கல் தூண்கள், அதன் விளிம்புகளில் ஏறக்குறைய 60,000 இணை புருனிச் கில்லிமாட் என்ற கறுப்பு வெள்ளைக் கடற்பறவை. கூடு கிடையாது. வெறும் கல்மேல் ஒற்றை முட்டை, ஒரு முனை கூர்ந்தது. ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை, மூன்று வாரக் குஞ்சு, பறக்கும் சிறகு முளைக்குமுன்பே விளிம்பிலிருந்து கடலில் குதிக்கும். அப்பன் பறவை கூடவே இறங்கி அதைக் கடலுக்கு நீந்திக் கூட்டிப்போகும். தண்ணீருக்கு எட்டாமல் கரையில் விழுந்ததைத் துருவ நரி பொறுக்கும், வெள்ளைச் சாம்பல் பெரிய கடற்காகம் காற்றிலேயே பிடிக்கும். பைனாகுலரை உச்சியில் வைக்காமல் நடு விளிம்பில் ஒரே குஞ்சின்மேல் பத்து நிமிடம் வையுங்கள். அது முன்னால் வந்து எட்டிப் பார்க்கும், பின்வாங்கும், அப்பன் கீழிருந்து கூப்பிடும், மறுபடி எட்டிப் பார்க்கும். தலைமூடியைப் போட்டுக்கொள்ளுங்கள், அண்ணாந்து பார்க்கும்போது வாயையும் மூடிக்கொள்ளுங்கள். பாறைக்கு 500 மீட்டருக்குள் ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை கப்பலுக்கு 5 நாட் (மணிக்கு 9 கிலோமீட்டர் வாக்கு) வேகம்தான், அதனால் நேரம் கிடைக்கும்.

இரண்டு, பனியாறு கடலில் முடியும் சுவர். எல்லாரும் பனி உடைந்து விழுவதற்குக் காத்திருப்பார்கள். நீங்கள் சுவரடியில் தண்ணீர் செம்மண் நிறமாகக் குமிழும் இடத்தைப் பாருங்கள். பனியாற்றின் அடியில் ஓடிவரும் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு. அது கிளம்பி மேலே வரும்போது ஆழத்துச் சிற்றுயிர்களையும் அடித்துக்கொண்டு வரும். கிட்டிவேக் என்ற சின்னக் கடற்காகங்கள் நூற்றுக்கணக்கில் அந்தக் கலங்கலின்மேல்தான் மேயும், பெலுகா என்ற வெள்ளைத் திமிங்கலமும் அங்கே வரும். பக்கத்தில் மிதக்கும் பனித்தட்டில் தாடி சீல் படுத்திருக்கும். ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தினால் பேசாமல் இருங்கள். உருகும் பனிக்கட்டிக்குள் அடைபட்ட பழங்காற்று வெடித்து வெளிவரும் சத்தம் சுற்றிலும் கேட்கும். சட்டியில் கடுகு பொரியும் சத்தம், ஆனால் முற்றம் அளவுக்கு.

நம் ஜெராம் சேற்றுக்கு வரும் கல்திருப்பி உள்ளானையும் அங்கே பார்க்கலாம், இனம் ஒன்றுதான். ஆனால் நமக்கு வருபவை சைபீரியக் கூட்டம், ஸ்வால்பார்டுப் பறவைகள் ஐரோப்பா, ஆப்பிரிக்கப் பக்கம் போகும். ‘நம்மூர்ப் பறவை’ என்று மாமா கண்கலங்கினால் நீங்கள் திருத்த வேண்டாம்.

---

மின்மினி_ஆறு

விட்டுப்போனது இரண்டு. மலேசிய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகளின் பொது எல்லைப் பகுதி) விசா தேவையில்லை, 180 நாளில் 90 நாள். ஆனால் ஸ்வால்பார்ட் ஷெங்கனுக்கு வெளியே, ஒஸ்லோவிலோ டிரோம்சோவிலோ மறுபடி பாஸ்போர்ட் காட்டி வெளியேற வேண்டும். உள்நாட்டு விமானம்தானே என்று இடைவெளியைக் குறைத்து டிக்கெட் போடாதீர்கள். கப்பல் ஏறும் நாளுக்கு ஒரு நாள் முன்னாலாவது லாங்யர்பியனில் இருங்கள். பெட்டி பின்தங்கினால் கப்பல் காத்திருக்காது, முதல் நாள் உடுப்பும் மருந்தும் கைப்பையில். அங்கே தங்கும் விடுதிகளில் சப்பாத்தை வாசலில் கழற்றணும், நிலக்கரிச் சுரங்கக் காலத்துப் பழக்கம். நமக்குப் புதிதில்லை.

இன்னொன்று, முதல் நாள் கப்பலில் உங்கள் ஜாக்கெட், பை, கோல் எல்லாவற்றையும் தூசுறிஞ்சியால் சுத்தம் செய்யச் சொல்வார்கள், பூட்டைக் கிருமிநாசினியில் முக்குவார்கள். வெளி விதை தீவுக்குப் போகக் கூடாது, பறவைக் காய்ச்சலும் 2022 முதல் அங்கே கண்டிருக்கிறது. அதனால் கரையில் உட்காராதீர்கள், பையைத் தரையில் வைக்காதீர்கள். ஜெராமில் பழகப்போன அதே பையைத்தான் கொண்டுபோவீர்கள். வெல்குரோ பட்டைக்குள்ளும் காலுறை மடிப்பிலும் ஒட்டுப்புல் விதை குத்திக்கொண்டிருக்கும், தூசுறிஞ்சிக்கு வராது. ஊசி ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துவிடுங்கள், அரை மணி நேர வேலை.